லான்யிங் கேட்ட பறவை

"இந்தப் பழம் பொய் சொல்கிறது, குருவே."

ஹெங் தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

சிவப்பு அரக்குப் பூசிய வட்டத் தட்டு. நடுவில் மூன்று பீச் பழங்கள் செதுக்கப்பட்டிருந்தன. இப்போது இரண்டுதான் இருந்தன. மூன்றாவது இருந்த இடத்தில் கத்தி சுரண்டிய பள்ளம்.

குரு ருவான் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீங்களா சுரண்டினீர்கள், அண்ணா?"

"நான்தான்."

அந்தப் பட்டறையில் குரு வயதில் சிறியவர், சீடர் பெரியவர். ருவான் நாற்பதை இன்னும் தொடாத பெண்மணி. ஹெங்குக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அதனால் குரு சீடரை அண்ணா என்பார். சீடர் குருவை குருவே என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

பட்டறை தென் சீனத்தில், மலைகளுக்கு நடுவே ஓடும் ஓர் ஆற்றின் கரையில் இருந்தது. அங்கே மரத்தைக் கீறிப் பால் எடுப்பார்கள். அதுதான் அரக்கு. ஒரு பெட்டிமேல் மெல்லிசாகப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி, மறுபடி காயவைத்து, பூச்சு ஒரு விரல் கனத்துக்கு ஏறியதும் அதில் செதுக்குவார்கள். ஒரு தட்டுக்கு ஒரு வருஷம் போய்விடும்.

அந்த ஒரு வருஷத்தைத்தான் ஹெங் சுரண்டியிருந்தார்.

"சொல்லுங்கள்," என்றார் ருவான்.

"பீச் என்றால் நீண்ட ஆயுள் என்கிறோம். வௌவால் என்றால் நற்பேறு. ஏன்? நம் மொழியில் அந்த இரண்டு சொல்லுக்கும் ஒரே ஒலி, அதனால். மாதுளை என்றால் வீடு நிறையப் பிள்ளைகள். வாத்து ஜோடி என்றால் பிரியாத தம்பதி. இந்தப் பெட்டிகள் இல்லாத வீடு ஊரில் உண்டா?"

"இல்லை."

"அந்த எல்லா வீட்டுக்கும் நான் சவப்பெட்டி கொண்டுபோயிருக்கிறேன்."

அது உண்மை. இங்கே வருவதற்கு முன் ஹெங் ஆற்றின் அக்கரையில் சவப்பெட்டிகளுக்கு அரக்குப் பூசிக்கொண்டிருந்தார். கடைசியாகப் பூசியது அவருடைய மனைவிக்கு. அதற்குப் பிறகு அந்தத் தொழிலைத் தொடவில்லை. படகேறி இக்கரைக்கு வந்து, வேறு ஏதாவது செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று ருவானிடம் கேட்டார்.

"என் மனைவி கல்யாணத்தின்போது கொண்டுவந்த பெட்டியில் வாத்து ஜோடி இருந்தது," என்றார் ஹெங். "ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள். வாத்துகள் இன்னும் நீந்திக்கொண்டிருக்கின்றன."

ருவான் எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பை. வறுத்த தர்பூசணி விதைகள். அவற்றை அந்தத் தட்டில் கொட்டினார். பள்ளம் மறைந்தது.

"சாப்பிடுங்கள், அண்ணா."

"நான் ஒரு கேள்வி கேட்டேன்."

"கேட்டீர்கள். சில விதைகள் கொஞ்சம் கடினமாக இருக்கின்றன. பல் ஜாக்கிரதை."

இருவரும் விதை கொறித்தார்கள்.

*

அந்தக் கோடையில் ஒரு நாள் ஜின் வந்தார்.

ஜின் மலைமேல் வசிப்பவர். அரக்கு மரங்களைக் கீறிப் பால் எடுத்து, வாளியில் சுமந்துகொண்டு பட்டறைக்கு இறங்கி வருவார். பால் பட்டுப் பட்டு அவருடைய கைகள் முழங்கைவரை கறுத்திருந்தன. பேச்சு குறைவு. வாளியை வைப்பார், தலையசைப்பார், போய்விடுவார்.

அன்று வாளியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"ஒரு பெட்டி வேண்டும்," என்றார். "சீப்பு வைக்க. என் மனைவிக்கு."

"செய்யலாமே," என்றார் ருவான். "மூடியில் என்ன போடட்டும்?"

"பீச்."

"வேறு?"

"நாரை."

நாரையும் நீண்ட ஆயுளுக்குத்தான். ஹெங் உளியைக் கீழே வைத்தார்.

"வீட்டில் உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன்."

"நெஞ்சில் சளி. இரத்தமும் வருகிறது."

"வைத்தியர் என்ன சொன்னார்?"

"இலை உதிர்ந்து முடியும்வரைகூடத் தாங்காது என்றார்."

"பிறகு எதற்குப் பீச்?"

ஜின் தன் கறுத்த கைகளைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"பீச்," என்றார் மறுபடியும்.

வெற்று வாளியை எடுத்துக்கொண்டு மலையேறிவிட்டார்.

ஹெங் குருவின் பக்கம் திரும்பினார்.

"இதை நான் செய்யமாட்டேன். சாகப்போகிறவளுக்கு நீண்ட ஆயுளைச் செதுக்கிக் கொடுப்பது கேலி."

ருவான் ஈரக் காற்று அடைத்துவைத்திருக்கும் உள்ளறைக்குப் போனார். அரக்கு ஈரத்தில்தான் காயும். அங்கிருந்து ஒரு சின்ன வட்டப் பெட்டியை எடுத்துவந்தார். பூச்சு முடிந்து, ஒரு கோடுகூடக் கீறப்படாத சிவப்பு. விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

"இன்னும் இளக்கம் இருக்கிறது. தாமதித்தால் கல்லாகிவிடும்."

"இதில் என்ன செதுக்குவது?"

"எனக்கெப்படித் தெரியும்? சீப்பு அந்த அம்மாவுடையது. போய்க் கேளுங்கள்."

*

ஜின்னின் வீடு மலைச்சரிவில் இருந்தது. ஜின் இல்லை, மரங்களுக்குப் போயிருந்தார்.

வாசலில், நிழலாகப் பார்த்துப் போட்ட மூங்கில் கட்டிலில், லான்யிங் படுத்திருந்தார். உடம்பே இல்லை. கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன.

அவர் ஹெங்கைப் பார்த்தார். ஹெங்கின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"சவப்பெட்டிக்காரர் அல்லவா நீங்கள்? அளவெடுக்க வந்தீர்களா?"

ஹெங்குக்கு முகம் சிவந்துவிட்டது. "இல்லையம்மா. இது சீப்புப் பெட்டி."

"நல்லவேளை. அதற்குள் என்னை மடக்க முடியாது."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கும்வரை ஹெங் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் அப்பாவுக்கு நீங்கள்தான் பூசினீர்கள்," என்றார் லான்யிங், மூச்சு வந்த பிறகு. "ரொம்ப நன்றாக இருந்தது. உட்காருங்கள்."

ஹெங் உட்கார்ந்தார்.

"இந்த மூடியில் என்ன செதுக்கட்டும் என்று கேட்டுவரச் சொன்னார் குரு."

"அவர் என்ன கேட்டார்?"

ஹெங் தயங்கினார்.

"சொல்லுங்கள் ஐயா. என் வீட்டுக்காரர் என்ன கேட்டார்?"

"பீச்."

"அப்புறம்?"

"நாரை."

லான்யிங் முகத்தைச் சரிவுப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் நடுங்கியது.

"மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றார் ஹெங் அவசரமாக. "நானும் குருவிடம் சொன்னேன். இந்த நிலைமையில் அதையெல்லாம் போடக்கூடாது, மனசு நோகும் என்று. அதனால்தான் நானே..."

லான்யிங் திரும்பினார். கண் நிறைய நீர். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பீச் என்றா சொன்னார்? வாயைத் திறந்து?"

"ஆமாம்."

"இந்த வீட்டில் அவர் உப்பு என்பார். மழை என்பார். நான் படுத்ததிலிருந்து அதுவும் இல்லை. மருந்தை நீட்டுவார், குடித்ததும் கிண்ணத்தை வாங்கிக்கொள்வார். நான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறாரா, அலுத்துப்போய்விட்டாரா என்றே எனக்குத் தெரியவில்லை ஐயா. எப்படிக் கேட்பது?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பீச் என்றா சொன்னார்?"

"இரண்டு தடவை சொன்னார்."

"இரண்டு தடவையா!"

ஒரு கோழி கட்டிலுக்கடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. லான்யிங் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் பீச்சே போடுங்கள். பெரியதாகப் போடுங்கள்."

"அம்மா," என்றார் ஹெங். "வைத்தியர் சொன்னது உங்களுக்கு..."

"எனக்குத் தெரியாதா? வைத்தியர் சொன்னது வேறு. இவர் சொன்னது வேறு."

ஹெங் எழுந்தார்.

"இருங்கள். மூடிக்கு உட்புறம் இடம் இருக்குமா?"

"உள்ளே வெறும் கறுப்புப் பூச்சு. யாரும் எதுவும் போடுவதில்லை. வேண்டுமென்றால் மெல்லிசாகக் கீறித் தங்கப்பொடி நிரப்பலாம்."

"அங்கே ஒரு மகிழ்ச்சிப் பறவை போடுங்கள். ப்ளம் கிளையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி."

கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட வாலோடு அந்த ஊர்த் தோப்புகளில் கத்திக்கொண்டு திரியும் ஒரு பறவை. மகிழ்ச்சிப் பறவை என்பதுதான் அதன் பெயர். ப்ளம் என்ற சொல்லும் புருவம் என்ற சொல்லும் அவர்கள் மொழியில் ஒன்றுபோலவே ஒலிக்கும். ப்ளம் கிளையில் அந்தப் பறவையை வரைந்தால், உன் புருவத்தில் மகிழ்ச்சி வந்து உட்காரட்டும் என்று பொருள்.

"உங்களுக்கா?" என்று கேட்டார் ஹெங்.

"என் புருவத்துக்கு என்ன குறை? அவருடையதைப் பார்த்திருக்கிறீர்களா?"

பார்த்திருந்தார். கயிற்றை முடிச்சுப் போட்டதுபோல் இருக்கும்.

"நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அப்படி இல்லை," என்றார் லான்யிங்.

*

மறுநாள் ஹெங் சந்தைக்குப் போய் ஒரு பீச் பழம் வாங்கிவந்தார். அதை முன்னால் வைத்துக்கொண்டு செதுக்கினார்.

அதுவரை அவர் பழகிய அச்சுப் பழத்தைத்தான் செதுக்குவார். இப்போது அதன் பிளவைப் பார்த்தார். காம்படியில் இலை எப்படி மடிகிறது என்று பார்த்தார். கையில் எடுத்து மோந்தார். திரும்ப வைத்தார்.

ருவான் அந்தப் பக்கம் போனார், வந்தார்.

பழம் மூடியை நிறைத்தது. நாரைக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம்தான் கிடைத்தது. அது ஒற்றைக் காலில் நின்று பழத்தை அண்ணாந்து பார்த்தது.

வேலை நடுவே ஹெங்கின் கை நின்றது.

"குருவே."

"ம்."

"என் மனைவியின் பெட்டி. அந்த வாத்துகளை யார் கேட்டது என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. என் மாமியார். பெட்டி தயாரானதும் வந்து பார்த்துவிட்டு, வாத்துகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, இன்னும் நெருக்கமாக வைத்துச் செய் என்று கைவேலைக்காரரோடு சண்டை போட்டாராம். அவர் முழுப் பெட்டியையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்றாம். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்."

ருவான் அரக்கு வடிகட்டுவதை நிறுத்தினார்.

"எவ்வளவு நெருக்கம்?"

ஹெங் இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். நடுவே காற்றுப் புக இடமில்லை.

சேர்த்த விரல்களைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு உளியை எடுத்தார்.

மூடிக்கு உட்புறம் பறவையைக் கீறி முடித்ததும் குருவிடம் காட்டினார். ருவான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கே போகிறது?"

"எங்கேயும் போகவில்லை. உட்கார்ந்திருக்கிறது."

"சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது."

ஹெங் வாங்கிப் பார்த்தார். உண்மைதான். கழுத்து தொங்கியிருந்தது.

அதைக் கறுப்பால் மூடினார். காயவிட்டார். மறுபடி கீறினார். இந்தத் தடவை பறவை வாலை நிமிர்த்தி, தலையைச் சாய்த்து, யாரையோ வம்புக்கு இழுப்பதுபோல் பார்த்தது. கீறலில் தங்கப்பொடியை நிரப்பித் துணியால் துடைத்தார்.

ருவான் சிரித்தார்.

*

ஹெங் பெட்டியைக் கொண்டுபோனபோது ஜின் வீட்டில் இருந்தார். லான்யிங் உள்ளே தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஜின் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். பழத்தைப் பார்த்தார். நாரையைப் பார்த்தார். தலையசைத்தார்.

"திறந்து பாருங்கள்," என்றார் லான்யிங்.

திறந்தார்.

பொன் நிறத்தில் பறவை அவரைப் பார்த்தது.

ஜின்னின் முகம் இருண்டது.

"இதை யார் போடச் சொன்னது?"

ஹெங் வாயைத் திறப்பதற்குள் ஜின் தொடர்ந்தார். "நான் பீச் கேட்டேன். நாரை கேட்டேன். மகிழ்ச்சிக்கு இந்த வீட்டில் இப்போது என்ன வேலை?"

அவ்வளவு நீளமாக அவர் பேசி ஹெங் கேட்டதில்லை.

"நான்தான் கேட்டேன்," என்றார் லான்யிங்.

"யாருக்கு?"

"திறக்கிறவர்களுக்கு."

"நீதான் திறப்பாய். சீப்பு உன்னுடையது."

"சரி. நான் திறக்கிறேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்புறம் நீங்கள்."

ஜின் பெட்டியை மூடினார். அதை லான்யிங்கின் மடியில், முட்டை வைப்பதுபோல் வைத்தார். வெளியே போய்விட்டார்.

கோடாரிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"விறகு ஏற்கெனவே கூரைவரை இருக்கிறது," என்றார் லான்யிங்.

ஹெங் விடைபெற்று வெளியே வந்தார். ஜின் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிளந்துகொண்டே இருந்தார். ஹெங் அவரைத் தாண்டிப் போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"பழம் பெரியதாக இருக்கிறது."

"அம்மா அப்படித்தான் கேட்டார்கள்."

கோடாரி நின்றது.

"பெரியதாக வேண்டும் என்றா சொன்னாள்?"

"பெரியதாகப் போடுங்கள் என்றார்கள்."

ஜின் கோடாரியைக் கட்டையில் சாய்த்துவைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குள் போனார்.

ஹெங் பாதையில் இறங்கினார். முதல் வளைவுவரை ஜின்னின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சொன்னார் என்று புரியவில்லை. நிறையச் சொன்னார்.

*

வைத்தியர் சொன்னபடிதான் நடந்தது. இலைகள் உதிர்ந்து முடிவதற்குள் லான்யிங் இறந்துபோனார்.

செய்தி வந்ததும் ஹெங் தன் பழைய தூரிகைகளைத் தேடி எடுத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ருவான் அந்த வருஷத்தின் நல்ல அரக்கு இருந்த ஜாடியை வாசலில் வைத்திருந்தார். ஹெங் அதை எடுத்துக்கொண்டு மலையேறினார்.

குளிர்காலம் முழுக்க ஜின் கீழே வரவில்லை.

அடுத்த கோடையில், மரங்கள் பால் விடத் தொடங்கியபோது, வாளியோடு வந்தார். இளைத்திருந்தார். வாளியை வைத்தார். தலையசைத்தார். போகவில்லை.

ஹெங் தேநீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தார். தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"சீப்பை அவளோடு வைத்துவிட்டேன்," என்றார் ஜின். "பெட்டி என்னிடம் இருக்கிறது."

"இருக்கட்டும்."

"அடிக்கடி திறப்பதில்லை. முடியவில்லை."

"இருக்கட்டும்."

ஜின் தேநீரைக் குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மரத்தைக் கீறி, வடிகிற பாலைப் பிடிக்க அடியில் சிப்பி செருகுவோம், தெரியுமே."

"தெரியும்."

"இன்று காலை ஒன்றைக் காணோம். தேடினேன். தலைக்குமேல் சத்தம். பார்த்தால் அந்தப் பறவை. நிஜப் பறவை. என் சிப்பியைத் திருடிக்கொண்டு போய்க் கிளையில் உட்கார்ந்திருக்கிறது. பால் அதன் அலகில் ஒட்டிக்கொண்டு கறுக்க ஆரம்பித்துவிட்டது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சிப்பியையும் விடமாட்டேன் என்கிறது. அங்கிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தது பாருங்கள்..."

நிறுத்தினார்.

"சிரித்துவிட்டேன் ஐயா. சத்தமாக. எதிர் மலைவரை கேட்டிருக்கும். கீறுகிற கத்தி கையிலிருந்து விழுந்துவிட்டது. கீழே உட்கார்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு..."

கொஞ்ச நேரம் கழித்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அவள் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தப்பா ஐயா?"

ஹெங் குருவின் பக்கம் திரும்பினார்.

ருவான் புதுப் பாலைத் துணியில் ஊற்றி வடிகட்டிக்கொண்டிருந்தார். தலையை உயர்த்தவில்லை.

ஹெங் மறுபடி ஜின்னைப் பார்த்தார். அவருடைய கையிலிருந்து கிண்ணத்தை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார்.

"அம்மா கேட்டதே அதைத்தான்," என்றார்.